விபுலாநந்த அடிகளாரும் பேராசிரியப் பீடமும்

உலகிலே பதவியினாற் சிறப்பெய்துவோர் பலர். தாம் வகித்தமையாற் பதவிக்கே சிறப்பளித்தோர் மிகச் சிலர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழுக்கென அமைந்த பேராசிரியப் பீடத்தில் முதன்முதல் அமர்ந்த முத்தமிழ் முனிவர் சுவாமி விபுலாநந்தர் பின்னைய வகையினர். காவியுடுத்த துறவி ஒருவர், தமக்கென ஒரு காணி நிலமும் வேண்டாதவர், இரு நாடுகளிலே இரு பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பீடங்களை அணிசெய்தார் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பிலே ஒருநாள் இலக்கியப் பாடம் நடந்துகொண்டிருக்கையில், இறப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து எம்மிடம் ஒரு வினாவை விடுத்தான். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆவது எவ்வாறு, ஆனபின் அப்பதவியிலிருந்து அவரை எவரேனும் நீக்கிவிட முடியுமா என்பதே அவ்வினா. வகுப்பிலே சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. லயத்து அறையொன்றிலே வாழும் குடும்பத்திற்கு, வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பதே வாழ்வின் தலையாய வினா என்பதை நாம் அறிவோம். அன்று பாடவேளை முடிந்துவிட்டமையால் அரைகுறையாகவே விடையளித்தோம். இம்மலர்க்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, அம்மாணவனுக்குச் சொல்லாது விட்ட மிகுதி விடையே எம் நெஞ்சில் எழுந்தது. விதிகளை மட்டும் அடுக்கிக் கூறுவதினும், அவ்விதிகள் இந்நாட்டில் இன்றைய வடிவம் பெறுமுன்னரே அப்பீடத்தை எய்தியவரும், எய்திய பீடத்தை ஒருமுறை தாமே துறந்தவருமான ஒருவரின் வரலாற்றோடு அவற்றை வைத்துக் காட்டுதல் நலமென எண்ணினோம்.

பிறப்பும் இளமையும்

கீழ் மாகாணத்திலே, கடலும் வயலும் சூழ்ந்த காரைதீவு என்னும் ஊரிலே, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊரிலே தமிழும் வடமொழியும் கற்றபின், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். பதினாறாம் வயதிலே, 1908ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அக்காலத்திலே அப்பரீட்சையிற் சித்தியெய்திய இளைஞருக்கு அரசாங்கக் கந்தோர்களின் கதவுகள் திறந்திருந்தன. மயில்வாகனனாரோ, தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார்.

1911ஆம் ஆண்டு கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் புகுந்து, 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரப் பத்திரத்தைப் பெற்று வெளியேறினார். பின்னாளிலே பேராசிரியர் எனப் புகழப்பெற்றவர், தம் இளமையிலே எம்போன்ற பள்ளி ஆசிரியர் பெறும் தராதரப் பத்திரத்தையே பெற்றிருந்தார் என்பது பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எமக்குப் பெருமிதம் தருவது. கொழும்பிலே தங்கிய காலத்தை அவர் வீணாக்கவில்லை. தென்கோவைக் கந்தையாபிள்ளை, கைலாசபிள்ளை முதலிய தமிழறிஞரை அடுத்துச் சங்க நூல்களையும் இலக்கணத்தையும் முறையாகப் பாடங்கேட்டார்.

தகுதி தேடிய காலம்

அடிகளார் வரலாற்றிலே மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி 1912 முதல் 1920 வரையுள்ள எட்டாண்டுக் காலமாகும். பகலிலே ஆசிரியப்பணி, இரவிலே தம் படிப்பு என அவ்வாண்டுகள் கழிந்தன. 1915இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்புளோமா பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் நடாத்திய பண்டிதர் பரீட்சையிலும் சித்தியெய்தினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்றவருள் முதல்வர் அவரே எனப் போற்றுவர். ஒரே ஆண்டிலே ஒரு கையில் விஞ்ஞானமும் மறுகையில் தமிழும் வந்தடைந்தன. இவ்விரண்டும் பிரியாது நின்றமையே பிற்காலத்து யாழ்நூலுக்கு வித்தாயிற்று.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கே கற்பித்துக்கொண்டே, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரிப் பரீட்சைக்கு வெளிவாரியாகத் தோற்றிப் பட்டம் பெற்றார். அந்நாளில் இலங்கையிலே பல்கலைக்கழகம் இல்லை. பல்கலைக்கழகக் கல்லூரிதானும் 1921ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. பட்டம் பெற விழைந்தோர், கடல் கடந்து செல்லவேண்டும். அன்றேல் ஆசான் ஒருவரும் அருகிலின்றித் தாமே நூல்களோடு போராடவேண்டும். செல்வமில்லாத குடும்பத்திற் பிறந்த மயில்வாகனனார் இரண்டாவது வழியையே மேற்கொண்டார். இன்றும் வெளிவாரிப் பட்டத்திற்கு விளக்கொளியிற் படிக்கும் தோட்டத்து ஆசிரியர் பலர் எம் மாகாணத்தில் உளர். அவர்கள் நடக்கும் பாதையிலே பேரறிஞர் ஒருவரின் அடிச்சுவடு முன்னமே பதிந்துள்ளது.

1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். வயது இருபத்தெட்டு, பட்டமும் பதவியும் ஊதியமும் ஒருங்கே வாய்த்தன. உலகியலார் கருத்தின்படி அதுவே அமர்ந்து இளைப்பாறற்குரிய நிலை.

துறவும் கல்விப்பணியும்

அவர் அமரவில்லை. இராமகிருஷ்ண இயக்கத்துச் சுவாமி சர்வானந்தரின் தொடர்பினாலே உள்ளத்தில் மூண்டிருந்த துறவுணர்வு முதிர்ந்தது. 1922இல் அதிபர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். அங்கே பிரமசரிய விரதம் பூண்டு பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பெற்றார். இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ச் சஞ்சிகைக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கும் ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையிலே சுவாமி சிவானந்தரால் துறவறம் அருளப்பெற்று விபுலாநந்தர் ஆனார்.

இலங்கைக்கு மீண்ட அடிகளார், வடக்கிலும் கிழக்கிலும் இராமகிருஷ்ண மிஷனைச் சார்ந்த பாடசாலைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத்திலே வைத்தீசுவர வித்தியாலயமும், திருகோணமலையிலே இந்துக் கல்லூரியும் அவருடைய மேற்பார்வையில் வளர்ந்தன. 1929ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். கல் சுமந்து வந்தவரோடு கல் சுமந்தும், பிள்ளைகளோடு பிள்ளையாய் உண்டும் பள்ளிகளை எழுப்பிய கரும வீரராகவே அக்காலத்து மக்கள் அவரை நினைவுகூர்ந்தனர். இவ்விடைக் காலத்திலும் நூலாராய்ச்சி நிற்கவில்லை. ஆங்கில நாடகப் புலவர் செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கி அவர் எழுதிய மதங்க சூளாமணி 1926இல் மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது.

அண்ணாமலைநகரிலே

1929இல் சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் தமிழ்ப் பேராசிரியப் பீடத்திற்கு அண்ணாமலைச் செட்டியார் அவர்கள் அழைக்க, 1931இல் அடிகளார் அதனை ஏற்றார். தமிழ்நாட்டிலே புலவர்க்குப் பஞ்சமில்லாத காலம் அது. மரபுவழித் தமிழ்க்கல்வியும் மேல்நாட்டு ஆராய்ச்சி முறையும் விஞ்ஞான அறிவும் ஒருங்கு வாய்ந்த ஒருவரே அப்பீடத்திற்கு வேண்டியிருந்தார். பண்டிதர் பட்டமும் விஞ்ஞானப் பட்டமும் தாங்கிய ஈழத்துத் துறவி அவ்வேண்டுகைக்கு நேரிய விடையானார். பல்லாண்டுகளாகப் பீடம் எதனையும் நோக்காது தேடிய கல்வியே பீடத்தை அவரிடம் கொணர்ந்தது.

அங்கே அவர் வகுப்பறையோடு நின்றாரல்லர். மாலை வேளைகளிலே, அருகிலுள்ள திருவேட்களத்திலே தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்குச் சென்று அவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். உயர்ந்தோர் என்று தம்மைக் கருதியோர் அடிவைக்கவும் கூசிய தெருக்கள் அவை. பாரதியார் 1921இல் மறைந்து பத்தாண்டுகளே கழிந்திருந்த அந்நாளிலே, பண்டிதருட் பலர் அவரைப் புலவராக ஏற்கத் தயங்கினர். அடிகளாரோ பாரதி பாடல்களைப் பல்கலைக்கழக மாணவரிடையே பரப்பினார். பழந்தமிழைக் காத்தலும் புதுத்தமிழை வரவேற்றலும் பேராசிரியனின் இரு கடமைகள் என்பதனை இவ்வாறு செயலாற் காட்டினார்.

1933இல் அடிகளார் அப்பீடத்தினின்று விலகினார். எவரும் அவரை விலக்கவில்லை. எந்த வயதெல்லையும் வந்துவிடவில்லை. வயது நாற்பத்தொன்றே. மீண்டும் மிஷனின் பணிகளுக்கும் தாம் தொடங்கிய இசையாராய்ச்சிக்கும் திரும்பினார்.

பீடமில்லாத பத்தாண்டுகள்

1933 முதல் 1943 வரையுள்ள பத்தாண்டுகளிலே அடிகளாருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவுமில்லை. ஆயினும் பேராசிரியன் ஒருவன் செய்யவேண்டிய பணிகளுட் பெரும்பாலானவற்றை அவர் அப்பத்தாண்டிலேயே செய்தார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முடியுமா என்னும் வினா அன்று தமிழுலகைக் கலக்கிக்கொண்டிருந்தது. 1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அடிகளார் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகத் தொகுக்கப்பெற்ற கலைச்சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. இன்று எம் மாணவர் இரசாயனமும் பௌதிகமும் தமிழிலே கற்கின்றனரெனில், அவ்வசதியின் வேரிலே இப்பெரியாரின் உழைப்பும் கலந்துள்ளது.

1937இல் இமயமலைக்கும் கயிலைக்கும் யாத்திரை சென்றார். 1939 தொடக்கம் 1941 வரை இமயச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலே தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்தார். எங்கிருந்தபோதும் அவருடைய மடியிலே சிலப்பதிகாரமும், மனத்திலே யாழும் இருந்தன.

இலங்கைப் பல்கலைக்கழகத்திலே

பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றிணைய, 1942ஆம் ஆண்டு சூலை முதலாம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள் முதல் உபவேந்தர். 1943இல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் நியமனம் பெற்றார். பேராதனைக்குப் பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்தது 1952இலாதலின், அடிகளார் கற்பித்தது கொழும்பிலேயாம். ஆங்கிலமே ஆட்சிபுரிந்த அந்நிறுவனத்திலே, தமிழ் ஒரு பாடமாக ஒதுங்கி நில்லாது ஆராய்ச்சித் துறையாகத் தலைநிமிர்ந்து நிற்றற்குரிய அடித்தளத்தை அவர் இட்டார்.

உடல் நலம் மெல்லமெல்லக் குன்றிற்று. எனினும் பணி குன்றவில்லை. துறவியாதலால் ஊதியத்தைத் தமக்கெனச் சேர்த்து வைக்கவுமில்லை. 1947இல் அவர் மறையும்வரை அப்பீடத்திலேயே இருந்தார். அவர்க்குப்பின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் அப்பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு அதனை வளர்த்தமை பலரும் அறிந்ததே. ஒரு பீடத்தை ஒருவர் நன்கு வகித்தார் என்பதற்கு, அவர் சென்றபின் அது வெறிதாகாது தொடர்ந்து வளர்ந்தமையே தக்க சான்று.

யாழ்நூல்

பழந்தமிழர் மீட்டிய யாழ் எவ்வாறு அமைந்திருந்தது? அதன் நரம்புகள் எத்தனை? அவற்றின் சுருதிகள் எவை? இவ்வினாக்களுக்கு விடைகூற வல்லார் எவருமிலராய், யாழ் என்பது நூலில் வரும் வெறும் பெயராகவே நின்றுவிட்டது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையையும் திறவுகோலாகக் கொண்டு, அடிகளார் அப்பூட்டைத் திறக்க முயன்றார். நரம்பின் நீளத்திற்கும் ஓசையின் அதிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையால் ஆய்ந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் அமைப்பைத் துருவினார். தேவாரப் பண்களின் இயல்பை விளக்கினார். தமிழ் மட்டும் அறிந்தவரால் இது முடியாது. பௌதிகம் மட்டும் அறிந்தவராலும் முடியாது. 1916இல் ஒருங்கே பெற்ற இரு தகுதிகள் முப்பதாண்டின் பின்னர் ஒரு நூலாய்க் கனிந்தன.

ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் அவ்வாராய்ச்சி நடந்தது என்பர். கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவிலே, 1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5ஆம் 6ஆம் நாள்களில், தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறிற்று. உடல் தளர்ந்த நிலையிலும் அடிகளார் அங்கே சென்றிருந்தார். இலங்கைக்கு மீண்டு சில வாரங்களே கழிந்தன. சூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பிலே அவர் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது வயது ஐம்பத்தைந்து. அவர் தாம் எழுப்பிய சிவாநந்த வித்தியாலயத்தின் வளவிலேயே துயில்கொள்கின்றார்.

இன்றைய விதிகளும் அடிகளார் வாழ்வும்

இனி, எம் மாணவனின் வினாவிற்கு வருவோம். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படியும், அச்சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளின்படியும் இயங்குவன. சிறப்புப் பட்டத்திலே உயர்ந்த வகுப்பிற் சித்தியெய்திய ஒருவர் முதலிலே தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெறுகின்றார். தகுதிகாண் காலம் முதலில் மூன்று ஆண்டுகள். அவர் பட்டப்பின் தகுதியைப் பெற்றாலன்றிப் பதவியில் உறுதிப்படுத்தப்படார். பெறுதற்குத் தாமதமாயின் தகுதிகாண் காலம் நீடிக்கப்படும்; வரையறுத்த எல்லைக்குள்ளும் பெறாவிடின் பதவி கைநழுவும். உயர்கல்விக்காகச் சம்பளத்துடன் விடுமுறை பெற்று வெளிநாடு செல்வோர் பிணைமுறி எழுதிக் கொடுத்தல் வேண்டும். மீண்டு வந்து குறித்த காலம் பணிபுரியாதோர் அதற்குரிய பணத்தைச் செலுத்த நேரும்.

உறுதிப்படுத்தப்பட்டபின் ஒருவரை எழுந்தமானமாக நீக்குதல் இயலாது. குற்றம் எழுத்திலே சாட்டப்பெறவேண்டும், விசாரணை நடைபெறவேண்டும், தண்டனை அநீதியெனக் கருதினால் முறையிடுதற்குப் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை என ஒன்றும் உண்டு. அதன்பின் முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், முதுநிலைப் பேராசிரியர் எனப் படிகள் உயர்கின்றன. பேராசிரியராக உயர விரும்புவோரின் பணி மூன்று பகுதிகளாகப் புள்ளியிடப்படும். கற்பித்தலும் கல்வி வளர்ச்சியும் ஒன்று. ஆராய்ச்சியும் ஆக்கமும் மற்றொன்று. அறிவைப் பரப்புதலோடு பல்கலைக்கழகத்திற்கும் நாட்டிற்கும் ஆற்றிய தொண்டு இன்னொன்று. ஆராய்ச்சியை அத்துறையின் வெளி அறிஞர் மதிப்பிடுவர்.

இப்பாதுகாப்பு எதற்காக எழுந்தது என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டிலே, செல்வந்தரின் விருப்பிற்கு மாறான கருத்துக் கூறிய பேராசிரியர்கள் பதவி இழக்க நேர்ந்த காலம் ஒன்றிருந்தது. அதனாலே 1915இல் அந்நாட்டுப் பேராசிரியர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1940இல் அச்சங்கமும் கல்லூரிகளின் கழகமும் இசைந்து வெளியிட்ட கொள்கையின்படி, தகுதிகாண் காலம் ஏழாண்டுக்கு மேற்படலாகாது. அதன்பின் தக்க காரணமும் விசாரணையுமின்றி எவரையும் நீக்கலாகாது. பிரித்தானியாவிலோ, அத்தகைய முழுப் பாதுகாப்பைப் புதிதாகச் சேர்வோர்க்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாதாக்கிற்று. ஆகவே, நிலையான பதவி என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. உண்மையை அஞ்சாது உரைத்தற்கென மனிதர் போராடி எழுப்பிய வேலி அது. வேலி பயிரைக் காத்தற்கே. பயிரில்லாத நிலத்திற்கு வேலி எதற்கு?

இவ்விதிகளை வைத்து அடிகளாரை அளந்து பார்த்தோம். ஒரு வியப்பான முடிவு தோன்றிற்று. அவரிடம் தமிழிலே சிறப்புப் பட்டம் இல்லை. கலாநிதிப் பட்டமும் இல்லை. இன்றைய விதியின்படி அவர் தமிழ்த்துறையிலே தகுதிகாண் விரிவுரையாளராகவும் நுழைய இயலாது! இதனைக் கண்டு, விதிகளெல்லாம் வீண் எனச் சிலர் முடிவுசெய்யக்கூடும். அம்முடிவு பிழையென்றே நாம் கருதுகின்றோம். தம் காலத்திலே தமக்குத் திறந்திருந்த பரீட்சைகள் பலவற்றை அடிகளார் எழுதினார்; ஆசிரியத் தராதரப் பத்திரம், விஞ்ஞான டிப்புளோமா, பண்டிதர் பட்டம், இலண்டன் பட்டம் என ஒன்றன்பின் ஒன்றாகச் சித்தியெய்தினார். அளவுகோலை வெறுத்தவரல்லர், அளவுகோலோடு நின்றுவிடாதவர். கலாநிதிப் பட்டத்திற்கு வழி திறந்துள்ள இக்காலத்திலே அவர் இளைஞராயிருந்தால், அதனையும் பெற்றுவிட்டே யாழைத் தொட்டிருப்பார் என்பது எம் துணிபு.

விதிகளை வகுப்போர் இவ்வரலாற்றினின்று கற்கவேண்டியதும் ஒன்றுண்டு. பதினான்காண்டு உழைப்பிலே விளைந்தது யாழ்நூல். ஆண்டுதோறும் புள்ளி தேடுபவன் சிறுசிறு கட்டுரைகளையே எழுதுவான். பெருநூலை எழுதத் துணியான். உறுதிப்படுத்தப்பட்ட ஆசிரியனுக்கு நீண்டகால ஆராய்ச்சிக்கு இடமளித்தலே அவ்வுறுதியின் பெரும்பயன். அவ்விடத்தைப் பெற்றும் ஒன்றுமே எழுதாதிருப்பவன், வேலியை நட்டுவிட்டு வித்திடாத உழவனை ஒப்பான்.

எமது மாணவர்க்கு

இங்கே ஒரு தடையை எழுப்பல் வேண்டும். அடிகளார் துறவி. மனைவி மக்கள் இல்லாதவர். அதிபர் பதவியையும் பேராசிரியப் பதவியையும் மேலாடைபோற் களைந்துவைக்க அவரால் முடிந்தது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே, மழைபெய்தால் பால்வெட்டு நின்று அன்றைய சம்பளமும் குறையும் வீட்டிலே பிறந்த ஒருவனுக்கு, பதவியைத் துச்சமென எண்ணுக என்று உபதேசித்தல் நீதியாகுமா? ஆகாது. அத்தகைய உபதேசத்தை நாம் செய்யவில்லை.

அடிகளார் மறைந்த மறுவருடம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இம்மலைகளிலே காடழித்துத் தோட்டம் சமைத்த மக்களுட் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். நாடற்றவனுக்கு அரச பதவி ஏது? நிலையான பதவி என்பதைக் கனவு காண்பதற்கும் முதலிலே ஒரு நாடு வேண்டியிருந்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே இருந்தது. இவ்வளவு தடைகளையும் தாண்டி எம்மவருள் விரிவுரையாளரும் பேராசிரியரும் தோன்றியுள்ளனர். 1996இல் தொழிற்படத் தொடங்கிய சப்ரகமுவப் பல்கலைக்கழகம் எம் மாகாணத்திலேயே, பெலிகுல்லோயாவிலே, மலையடிவாரத்தில் நிற்கின்றது. பலாங்கொடை வழியே பேருந்திற் செல்லும் எம் பிள்ளைகள் அதன் வாயிலைக் கண்ணாற் காண்கின்றனர். அடிகளார் தம் இளமையிலே அத்தகைய வாயில் ஒன்றையும் கண்டாரல்லர்.

ஆதலின், பதவியின் நிலைபேற்றை நாடுதல் தாழ்வன்று. குடும்பத்தின் அடுப்பு எரியவும், ஆசிரியனின் நா அஞ்சாது பேசவும் அது வேண்டும். அடிகளாரிடம் நாம் கற்கவேண்டியது துறவை அன்று; வரிசையை. முதலிலே கல்வி, அதன்பின் பதவி என்பது அவர் வாழ்ந்த வரிசை. அண்ணாமலைநகரில் ஏறக்குறைய ஈராண்டும், கொழும்பிலே நாலாண்டுமாக, ஆறாண்டளவே அவர் பீடங்களில் இருந்தார். கற்றதும் கற்பித்ததும் நாற்பதாண்டு! பீடத்திலிருந்த நாள்களினும் பீடத்திற்கு வெளியே உழைத்த நாள்களே பல. ஆயினும் அப்பீடங்கள் இன்றும் அவர் பெயராலேயே நினைக்கப்படுகின்றன.

பல்கலைக்கழகம் புகும் எம் மாணவர் இவற்றை மனத்திற் பதிப்பார்களாக. பட்டம் பெற்றவுடனே பட்டப்பின் படிப்பைத் தொடங்குக. தகுதிகாண் காலத்தை நாளைக்கு நாளை எனக் கழித்து, இறுதியிலே காலக்கெடுவோடு மல்லாடுதல் வேண்டா. எம்மிடம் கற்ற நல்ல மாணாக்கர் ஒருவர், ஆற்றல் மிக உடையவர், குடும்பச் சுமையாலும் சோர்வினாலும் பட்டப்பின் படிப்பை முடிக்காது விட்டு, அரிதிற் கிடைத்த விரிவுரையாளர் பதவியை இழந்தமையை நினைக்கும்போதெல்லாம் எம் நெஞ்சு கனக்கின்றது. உரிய காலத்திலே இவ்விதிகளை அவருக்கு எடுத்துரைத்தவர் எவருமிலர், நாமும் உரைத்திலோம். அக்குறை எமதுமாம். இரு துறைகளிலே தேர்ச்சி பெறுக. இரண்டு கூடுமிடத்திலேதான் புதியது பிறக்கும். ஆங்கிலத்தை அஞ்சற்க, தமிழை விடற்க. பிணைமுறியிற் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் படித்துணர்க. பீடத்திலே அமர்ந்தபின், திருவேட்களத்துத் தெருவை மறவாதிருக்க. உமக்குரிய திருவேட்களம் நீர் பிறந்த லயமே. விடுமுறையில் வந்து, அங்கே பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தால், அதற்குச் சுற்றறிக்கையிற் புள்ளி கிடைப்பினும் கிடைக்காவிடினும், அதுவே பேராசிரியத் தன்மையின் உயிர்நிலை.

அன்று வகுப்பிலே வினவிய மாணவனுக்கு எமது விடை இதுவே. பேராசிரியர் ஆகலாம், வழி நெடியது, ஆயினும் அடைபட்டதன்று. ஆனபின் உம்மை எவரும் எளிதில் நீக்கார், சட்டம் காக்கும். ஆனால் ஆசிரியன் ஒருவன் தன் பீடத்தினின்று உண்மையில் நீங்குவது, கற்பதை அவன் நிறுத்திய அன்றேயாம். அந்நீக்கத்திற்கு விசாரணையுமில்லை, மேன்முறையீட்டுச் சபையுமில்லை.

விழாக்காணும் எமது கல்லூரி இன்னும் பல்லாண்டு ஓங்குக! அதன் வாங்குகளிலிருந்து விபுலாநந்தர் பலர் எழுக!